குடும்ப ஆல்பம்: வெள்ளி மாலை முதல் ஞாயிறு மதியம் வரை

ஸ்க்ராப்புக், அதாவது படங்களை வெட்டி ஒட்டி, குறிப்பு எழுதிக் கையால் செய்யும் ஆல்பம், செய்ய வார இறுதி முகாமுக்குப் போகிறவர்களில் பலர், ஞாயிறு மதியம் இரண்டு பக்கம் முடித்த திருப்தியோடு மூட்டை கட்டுவார்கள். அவர்களுக்குக் கை வேகம் இல்லை என்று அர்த்தமில்லை. படம் பொறுக்கும் வேலையை முகாமுக்குக் கொண்டுவந்ததுதான் காரணம். செருப்புப் பெட்டி நிறைய போட்டோக்களை மேசையில் கொட்டி, "இது கொடைக்கானலா குன்னூரா, பக்கத்துல நிக்கிறது யாரு?" என்று ஆரம்பித்தால் சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்துவிடும். முகாம் மேசையில் நடக்க வேண்டியவை மூன்றுதான்: வெட்டுவது, ஒட்டுவது, எழுதுவது. மற்றதெல்லாம் வீட்டுப் பாடம்.

கணக்கைப் பார்த்துவிடலாம். வெள்ளி மாலை மூன்று மணி நேரம், சனி முழுக்க ஒன்பது, ஞாயிறு காலை மூன்று. ஆக 15 மணி நேரம் கையில் இருக்கிறது. இடமும் வலமும் சேர்ந்த ஓர் இரட்டைப் பக்கத்துக்கு, எல்லாம் தயாராக இருந்தாலும், பழகிய கைக்கு இரண்டு மணி நேரம் ஆகும். ஏழு முடிக்கலாம் என்று கணக்கு சொல்லும். ஆறுக்குத் திட்டமிட்டு எட்டுக்கான பொருளை எடுத்துப் போங்கள். கூடுதல் இரண்டும் சுலபமானவையாக இருக்கட்டும். ஒரு பக்கம் அமையாமல் மூளை சண்டித்தனம் செய்யும்போது அதை ஓரமாக வைத்துவிட்டு எடுப்பதற்கு.

இப்படிக் கூட்டமாக உட்கார்ந்து ஆல்பம் செய்யும் பழக்கம் அமெரிக்காவில் வளர்ந்தது. யூட்டா மாநிலத்து மேரியலென் கிறிஸ்டென்சன், தன் குடும்பத்துக்காகத் தொகுத்த ஆல்பங்களை 1980ல் சால்ட் லேக் சிட்டியில் நடந்த உலக ஆவண மாநாட்டில் காட்சிக்கு வைத்தார். அடுத்த ஆண்டே அவர் குடும்பம் இதற்கென்று ஒரு கடை திறந்தது. வம்சாவளி தேடுவதை மதக் கடமையாகவே கொண்ட மார்மன் சமூகம் அது. அதனால் 'இந்தத் தாள் நூறு வருஷம் தாங்குமா' என்ற கேள்வி அலங்காரத்துக்கு முன்னால் வந்தது. அமிலமில்லாத தாள், லிக்னின் (தாளைப் பழுப்பாக்கும் மரச்சத்து) இல்லாத அட்டை என்ற பேச்செல்லாம் அந்தக் கவலையிலிருந்துதான் பரவியது. நம்மூர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் அந்தக் கவலை இன்னும் கூடவே பொருந்தும்.

ஒரு பக்கம், ஒரு கவர்

தயாரிப்பின் அடிப்படை இதுதான்: ஓர் இரட்டைப் பக்கத்துக்கு ஒரு பெரிய ஜிப் கவர். அதற்குள் அந்தப் பக்கத்துக்கான ஆறேழு படங்கள், இரண்டு நிறத்தில் கார்டுஸ்டாக் என்ற கெட்டி அட்டை, ஒட்டவேண்டிய கல்யாணப் பத்திரிகை அல்லது கடிதத்தின் நகல், கூடவே ஒரு துண்டுச் சீட்டு. சீட்டில் மூன்று விஷயம்: பக்கத்தின் தலைப்பு, யார் யார் இருக்கிறார்கள், எழுத வேண்டிய செய்தி. கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். முகாமில் போய் நினைவுபடுத்திக்கொள்ளலாம் என்று விட்டால், "மறக்க முடியாத தருணங்கள்" என்று எழுதி முடித்துவிடுவோம். அதைப் படிக்கும் பேரப்பிள்ளைக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை.

ஒரு கல்யாணத்துக்கு 40 படம் இருந்தால் 40ஐயும் வைக்க வேண்டியதில்லை. ஸ்டுடியோக்காரர் அச்சிட்டுத் தந்த கரிஷ்மா ஆல்பம் அந்த வேலையை ஏற்கெனவே செய்துவிட்டது. பந்தியில் பரிமாறியவர்கள், முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு கூடத்தில் வரிசையாகப் படுத்திருந்தவர்கள், சமையல்காரரோடு கணக்குப் பார்த்த மாமா என்று அந்த ஆல்பத்தில் இல்லாததை எடுங்கள்.

பக்க அளவு 12×12 அங்குலமா ஏ4 அளவா என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். நடுவில் மாற்ற முடியாது. 12 அங்குலச் சதுரத்தில் இடம் தாராளம், ஆனால் ஆல்பமும் கவரும் இணையத்தில்தான் வாங்க வேண்டியிருக்கும். வீட்டு பிரிண்டரிலும் அந்த அளவுத் தாள் போகாது. ஏ4 என்றால் தாள் எங்கும் கிடைக்கும். சென்னையில் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் நிறம் நிறமாக வாங்கலாம். அடித்தளத்துக்கு 200 முதல் 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) அட்டை சரி. 120 ஜிஎஸ்எம் தாளில் ஏழு படம் ஒட்டினால் பக்கம் தொய்ந்து வளையும். 300க்கு மேல் போனால் ஆல்பம் செங்கல் கனம்.

'ஆசிட் ஃப்ரீ' என்று உறையில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். படங்களோடு சேர்ந்து இருந்தால் தாளும் பசையும் தீங்கு செய்யுமா என்று பார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறது, ஐஎஸ்ஓ 18916. அதில் தேறியதாகக் குறிப்பிட்டிருந்தால் நல்லது. இல்லையென்றால் பிஹெச் பேனா ஒன்று வாங்கி ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். கோடு ஊதாவானால் அமிலமில்லை, மஞ்சளாகவே நின்றால் அமிலம். வெள்ளை, வெளிர் தாள்களில்தான் இது தெரியும். அடர் சிவப்பு, கறுப்பு அட்டைகளுக்கு இன்னொரு சோதனை: காது குடையும் பஞ்சை நனைத்து மூலையில் தேய்த்துப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால், மழைக்காலத்தில் அந்தச் சாயம் படத்தின் வெள்ளை ஓரத்திலும் ஏறும்.

பக்கத்தைப் போடும் பிளாஸ்டிக் கவர் பாலிபுரொப்பிலீனாக இருக்க வேண்டும். பிவிசி கவரை மூக்காலேயே கண்டுபிடிக்கலாம். புது மழைக்கோட்டு வாசனை வரும், தொட்டால் லேசாக ஒட்டும். சில வருஷத்தில் அது படத்தின் பளபளப்பான முகத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

படங்கள்

பழைய அசல் படத்தை வெட்டவோ, பசை தடவவோ கூடாது. ஸ்கேன் செய்து, பிரிண்ட் போட்டு, பிரிண்டை வெட்டுங்கள். அசலை வைத்தே ஆகவேண்டுமென்றால் நாலு மூலைக்கும் போட்டோ கார்னர் போட்டுச் செருகுங்கள். எப்போது வேண்டுமானாலும் உருவி எடுக்கலாம்.

ஸ்கேன் அளவு, அசல் எவ்வளவு சின்னது என்பதைப் பொறுத்தது. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். 2¼×3¼ அங்குலக் கறுப்பு வெள்ளைப் படத்தை 600ல் ஸ்கேன் செய்தால் 4½×6½ வரை தெளிவாகப் போடலாம். பாஸ்போர்ட் சைஸ் படம் மட்டுமே மிஞ்சிய தாத்தாவுக்கு 1200 வையுங்கள். 5×7 தாராளமாக வரும். எழுபதுகளில் எடுத்த கலர் பிரிண்டுகள் பெரும்பாலும் சிவப்பேறியிருக்கும். பீரோவின் இருட்டுக்குள்ளேயே இருந்தாலும் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கிவிடுவதால் வருவது அது. ஸ்கேனர் மென்பொருளில் உள்ள நிற மீட்பு வசதி இதைப் பெருமளவு சரிசெய்யும்.

வாட்ஸாப்பில் வந்த படம் வேறு தலைவலி. சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். 4×6 அளவுக்குக் குறை தெரியாது. அதையே பக்கத்தின் பெரிய சதுரப் படமாக 7¼ அங்குலத்துக்கு இழுத்தால், குட்டைப் பக்கத்தின் 1200 பிக்சல்தான் கணக்கு. அங்குலத்துக்கு சுமார் 165 பிக்சல்தான் தேறும், முகங்கள் மெழுகு பூசியது போல வரும். வெளிநாட்டுத் தம்பியிடம் கேட்கும்போதே "டாக்குமெண்டா அனுப்பு" என்று சொல்லிவிடுங்கள்.

லேபில் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. போன் படம் 4:3 விகிதம், 4×6 பிரிண்ட் 3:2 விகிதம். தாள் நிறையப் போடச் சொன்னால் குறுக்குப் படத்தின் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். குரூப் போட்டோவில் பின்வரிசைத் தலைகள் பாதி காணாமல் போவது இதனால்தான். ஓரத்தில் வெள்ளை விட்டு முழுப்படம் போடச் சொல்லுங்கள். கிளாஸி வேண்டாம், பளபளப்பில்லாத மேட் அல்லது லேசாக மினுக்கும் லஸ்டர். முகாமில் பத்துக் கை தொடும். கிளாஸியில் ஒவ்வொரு விரலும் பதியும். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டைவிட லேப் பிரிண்ட் நம் காற்றுக்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும். ஈரக் கை பட்டால் மை கரையும் பயமும் இல்லை.

எண்பது, தொண்ணூறுகளில் வீட்டுக்கு வீடு இருந்த, பிளாஸ்டிக் படலத்தைத் தூக்கி உள்ளே ஒட்டும் ஆல்பத்தில் உங்கள் படங்கள் மாட்டியிருக்கலாம். அந்தப் பசை வருஷம் ஆக ஆக இறுகும், அல்லது மஞ்சளாகக் கசியும். முதலில் பக்கத்தை அப்படியே ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். பிய்க்கும்போது கிழிந்தாலும் வரிசையும், ஓரத்தில் எழுதியதும் மிஞ்சும். பிறகு மெழுகு பூசாத டென்டல் ஃப்ளாஸை ஒரு முழம் எடுத்து, படத்தின் மூலைக்குப் பின்னால் நுழைத்து, ரம்பம் போல இழுத்து இழுத்துக் கீழே கொண்டுவாருங்கள். நகராவிட்டால் அட்டையின் பின்பக்கத்திலிருந்து ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் ஒரு நிமிடம் காட்டலாம். படத்தின் முகத்தில் சூடு படக்கூடாது. அப்போதும் வராவிட்டால் நிறுத்திவிட்டு, ஆல்பம் அட்டையோடு சேர்த்துச் சுற்றி வெட்டி எடுத்து ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். தண்ணீர், ஸ்பிரிட், எண்ணெய் எதுவும் வேண்டாம். பிரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிரிக்க முயன்றால் முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். கண்ணாடியோடு வைத்தே ஸ்கேன் செய்வதுதான் வழி.

கட்டம் போட்டால் யோசிக்க வேண்டாம்

புதிதாகச் செய்பவர்கள் படங்களைச் சாய்த்துச் சாய்த்து வைப்பார்கள். ஒரு பக்கத்தில் அழகு, ஆறு பக்கத்தில் தலைசுற்றல். எனக்குக் கட்டம்தான் பிடிக்கும். 12 அங்குலப் பக்கத்தில் நாலு பக்கமும் அரை அங்குலம் விட்டால் 11 மீதி. 3½ அங்குலச் சதுரம் மூன்று, நடுவே கால் அங்குல இடைவெளி இரண்டு, கூட்டினால் சரியாக 11. ஆக மூன்றுக்கு மூன்று, ஒன்பது கட்டம். நாலு கட்டத்தைச் சேர்த்தால் 7¼ அங்குலச் சதுரம், அது முக்கியப் படத்துக்கு. இரண்டைச் சேர்த்தால் 7¼×3½, அது எழுதுவதற்கு. இடது மேலே பெரிய படம், வலது ஓரத்தில் சின்னது இரண்டு, கீழே எழுத்து, அதன் பக்கத்தில் இன்னொரு சின்னது. இந்த அமைப்பை எதிர்ப்பக்கத்தில் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பிப் போடுங்கள், அல்லது தலைகீழாக்குங்கள். ஆறு இரட்டைப் பக்கமும் ஒரே கட்டத்தில் செய்தால்கூடப் பார்ப்பவருக்கு அலுக்காது, படங்கள் வேறுவேறாக இருப்பதால்.

சின்னச் சதுரங்களைத் தனித்தனி 4×6 பிரிண்டாகப் போட்டு வெட்டினால் தாள் வீண். ஒரு 8×12 பிரிண்டில் 3½ அங்குலச் சதுரம் ஆறு அடங்கும். வீட்டிலேயே கொலாஜ் ஆப்பில் அடுக்கி, லேபுக்கு ஒரே கோப்பாகக் கொடுங்கள்.

கவரில் போட்ட பிறகு இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் நடுவே ஒரு சந்து விழும். இரண்டு பக்கத்தையும் தாண்டி ஒரே படத்தை விரிப்பதாக இருந்தால் அந்த இடத்தில் முகம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படத்துக்குப் பின்னால், சுற்றிலும் ஓரம் தெரியும்படி ஒட்டும் அட்டைக்கும் மேட் என்றுதான் பெயர். அதை வைப்பதில் ஒரு சிக்கனம் இருக்கிறது. 4×6 படத்தைச் சுற்றி ⅛ அங்குல ஓரம் தெரிய 4¼×6¼ மேட் வெட்டினால், 12 அங்குலத் தாளில், ஓரத்துக்கு ஓரம் நேராக வெட்டும் கருவியான ட்ரிம்மரால் மூன்றுதான் தேறும். படத்தையே சுற்றிலும் ⅛ அங்குலம் குறைத்து 3¾×5¾ ஆக்கிவிட்டால் மேட் 4×6 போதும். அதே தாளில் ஆறு, துண்டு மிச்சமில்லை. இன்னும் ஒரு படி போகலாம்: மேட்டின் நடுப்பகுதி படத்துக்குப் பின்னால் மறைந்துதானே இருக்கிறது? படம் மூடும் இடத்துக்குள் அரை அங்குலம் விட்டு, நடுவே 2¾×4¾ துண்டை வெட்டி எடுத்துவிடுங்கள். அந்தத் துண்டு தலைப்புக்கு ஆகும். பக்கத்தின் கனமும் குறையும்.

ட்ரிம்மரின் கை 12 அங்குலமாவது இருக்க வேண்டும். ஏ4 ட்ரிம்மரில் பெரிய தாளைத் திருப்பித் திருப்பி வெட்டினால் கோணம் பிசகும். வெட்டு ஓரத்தில் பிசிறு தெரிந்தால் பிளேடு மழுங்கிவிட்டது, அழுத்தி ஓட்டுவதில் பயனில்லை.

பசை

வெள்ளைப் பசை வேண்டவே வேண்டாம். அதில் உள்ள தண்ணீரைத் தாள் குடித்து, நார்களுக்குக் குறுக்கே விரியும். காயும்போது சமமாகச் சுருங்காது. அலை அலையாக எழுந்த பக்கத்தை எந்தப் புத்தகக் கனமும் முழுதாகத் தட்டையாக்காது. செல்லோடேப் மஞ்சளாகி உதிரும். சைக்கிள் கடையில் கிடைக்கும் ரப்பர் சொல்யூஷன் படத்தில் கறை ஏற்றும். மைதாப் பசை இராமபாணப் பூச்சிக்கு விருந்து. பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் கலந்தால் படத்துக்குக் கேடு.

மிஞ்சுவது அமிலமில்லாத டபுள் சைடு டேப், 6 மில்லிமீட்டர் அகலம். எவ்வளவு வேண்டும் என்பதைப் பலர் குறைத்துப் போட்டு, சனி இரவு பக்கத்து மேசையில் கடன் கேட்பார்கள். ஒரு படத்தை மேட்டில் ஒட்ட நாலு ஓரமும் சேர்த்து சுமார் 40 செ.மீ., மேட்டைப் பக்கத்தில் ஒட்ட இன்னொரு 40. ஆறு இரட்டைப் பக்கம், பக்கத்துக்கு ஏழு படம் என்றால் 42 படம், கிட்டத்தட்ட 34 மீட்டர். டேப்பை உருட்டி ஒட்டும் டேப் ரன்னர் பயன்படுத்தினால் 8 அல்லது 10 மீட்டர் ரீஃபில் நாலைந்து. மூலைக்கு ஒரு பொட்டு வைத்து மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றும். ஐப்பசி ஈரத்தில் படம் நடுவில் உப்பி, மூலைகள் பெயரும். ஓரம் முழுக்க ஒட்டுங்கள்.

ஃபோம் டேப் எழுப்பம் தரும், பார்க்க நன்றாக இருக்கும். ஒரு பக்கத்தில் 2 மில்லிமீட்டர் என்றால் இருபது பக்கத்தில் 4 சென்டிமீட்டர். ஆல்பம் வாய் பிளக்கும், தூசியும் ஈரமும் உள்ளே போகும். தலைப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உலோகப் பொத்தான், குண்டூசி, ஸ்டேப்ளர் பின் எதுவும் வேண்டாம். கடற்கரை ஊர்களில் ஒரே வருஷத்தில் துருக்கறை தாளில் இறங்கும். பாசிமணி ஒட்டினால் எதிர்ப்பக்கத்துப் படத்தில் குழி விழும்.

தமிழில் தலைப்பு

கடையில் கிடைக்கும் எழுத்து ஸ்டிக்கர்கள் எல்லாம் ஆங்கிலம். அதனாலேயே பாட்டி வீட்டுப் பக்கத்துக்கும் 'ஹேப்பி மெமரீஸ்' என்று ஒட்டுகிறோம். தமிழ்த் தலைப்பு வெட்டுவது கஷ்டமில்லை. தடித்த எழுத்துருவில், ஓர் அங்குல உயரத்துக்கு, கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாற்றி கார்டுஸ்டாக்கின் பின்பக்கம் அச்சிடுங்கள். 11ஆம் எண் பிளேடு போட்ட கிராஃப்ட் கத்தியால் பின்பக்கமாகவே வெட்டினால், முன்னால் அச்சுக் கோடு தெரியாது. முதலில் உள்கூடுகளை வெட்ட வேண்டும்: 'ழ', 'கு', 'ஞ' போன்றவற்றின் வளைவுக்குள் இருக்கும் சின்ன இடங்கள். வெளிக்கோடு கடைசியில். மாற்றிச் செய்தால் பிடிமானம் இல்லாமல் எழுத்து கிழியும்.

தொல்லை புள்ளியிலும் கொம்பிலும்தான். 'ம்' எழுத்தின் புள்ளி தனித் துண்டாக உதிரும், 'கொ'வின் இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பிரியும். எழுத்துகளுக்கு அடியில் கால் அங்குலப் பட்டை ஒன்று வரைந்து எல்லாவற்றையும் அதில் உட்காரவைத்தால் சொல் ஒரே துண்டாக வரும். புள்ளிகளை அதே அட்டையில் பஞ்சிங் மெஷினால் வட்டமாகக் குத்தி, பிறகு ஒட்டுங்கள். வெட்டும் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு: சில மென்பொருள்களில் கொம்பு இடம் மாறி விழும். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தட்டச்சு செய்து, எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றி, எஸ்விஜி கோப்பாகச் சேமித்துக் கொண்டுபோங்கள். முகாமில் மின்சாரம் போனால் இயந்திரம் நின்ற இடத்தை மறந்துவிடும், பாதி வெட்டிய தாள் வீண். தலைப்புகளை வீட்டிலேயே வெட்டிவிடுவது உத்தமம்.

எழுதுவது

எழுத்துக் கட்டம் 7¼×3½ என்று சொன்னேன். அதில் 8 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுக் கையால் எழுதினால் அறுபது, எழுபது சொல் கொள்ளும். கடையில் விற்கும் 3×4 அட்டை தமிழுக்குப் போதாது. பேனா, நிறமி மை நிரப்பிய 0.5 மில்லிமீட்டர். ஜெல் பேனாவும் பால்பாயிண்டும் வேண்டாம். படத்தின் பின்னால் எழுத வேண்டுமென்றால் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், ஓரத்தில். கணினியில் அடித்து ஒட்டுவதைவிட அம்மாவின் கையெழுத்தில் நாலு வரி இருப்பது மேல். கோணல் மாணலாக இருந்தால் இருக்கட்டும்.

என்ன எழுதுவது என்பதில்தான் பெரும்பாலான ஆல்பங்கள் கோட்டை விடுகின்றன. "சித்தப்பாவும் அத்தையும், ஊட்டி" என்று எழுதினால், யாருடைய சித்தப்பா? எழுதியவருக்குச் சித்தப்பா, படிக்கும் மகளுக்குச் சின்னத் தாத்தா, அண்ணன் வீட்டுக்கு மணமாகி வந்தவருக்கு வேறு முறை. ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ஒருவரை மையமாக வைத்து, பெரும்பாலும் தாத்தா அல்லது பாட்டியை, எல்லாரையும் அவருக்கு என்ன உறவு என்று குறியுங்கள். 'மூன்றாவது மகன்', 'இரண்டாவது மகளின் கணவர்' என்பது போல. கூடவே இனிஷியலோடு முழுப்பெயர். வீட்டில் கூப்பிடும் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். கடிதங்களில் அதுதான் இருக்கும்.

முப்பது பேர் நிற்கும் குரூப் போட்டோவுக்கு 'நிற்பவர்கள் இடமிருந்து வலம்' போதாது. குழந்தைகள் மடியிலும் சந்திலும் இருப்பார்கள். படத்தின் மேல் பட்டர் பேப்பரை வைத்துத் தலைகளின் வெளிக்கோட்டை மட்டும் பென்சிலால் லேசாக வரைந்து, எண் போட்டு, அதைப் பாதியளவுக்கு ஜெராக்ஸ் எடுத்துப் பக்கத்தில் ஒட்டுங்கள். கீழே எண்ணும் பெயரும். தெரியாதவருக்கு நேராக 'தெரியவில்லை' என்றே எழுதுங்கள். என்றாவது ஒரு கல்யாண வீட்டில் யாராவது புரட்டிப் பார்த்து நிரப்புவார்கள்.

தேதி தெரியாத பழைய பத்திரிகைகளில் தமிழ் வருஷம் இருந்தால் போதும். அறுபது வருஷத்துக்கு ஒருமுறைதான் அது திரும்பும். 'குரோதி வருஷம் தை மாதம்' என்றிருந்து, மணமக்கள் உங்கள் தாத்தா பாட்டி என்றால், அது 1965 ஜனவரி அல்லது பிப்ரவரி. 1964 ஏப்ரலில் தொடங்கிய குரோதி அது. அடுத்த குரோதி 2024ல்தான் வந்தது. இந்தக் கணக்குக்கு ஒரு பஞ்சாங்கத்தை முகாமுக்கு எடுத்துப் போகலாம், யாராவது நிச்சயம் கேட்பார்கள்.

பத்திரிகையையே ஒட்ட ஆசைப்படுவீர்கள். மூலையில் மஞ்சள் தடவியிருக்கும். அமிலமில்லாத தாள்களில் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து சேர்த்திருப்பார்கள், ஆகவே அவை சற்றுக் காரத்தன்மை உள்ளவை. ஈரம் சேர்ந்தால் ஆரத்தித் தட்டில் நடப்பதுதான் அங்கேயும் நடக்கும், செங்கறை படியலாம். மஞ்சள் பட்ட பத்திரிகையைத் தனிக் கவரில் போட்டு, பக்கத்தில் கலர் நகலை வையுங்கள். செய்தித்தாளில் வந்த நினைவஞ்சலிக்கும் இதே விதி. அந்தத் தாள் பழுப்பேறுவதோடு நிற்காமல் தொட்டுக்கொண்டிருக்கும் படத்தையும் பழுப்பாக்கும். பஸ் டிக்கெட், ஆஸ்பத்திரி பில் போன்ற வெப்ப அச்சுத் தாள்கள் தானாகவே வெளுத்துவிடும். அவற்றை உடனே நகல் எடுத்துவிட வேண்டும். நீல இன்லாண்ட் கடிதத்துக்கு மூன்று பக்கம் மட்டும் ஒட்டி மேலே திறந்த பை ஒன்று செய்து செருகுங்கள். எடுத்துப் படிக்க முடியும்.

முகாம் இடம்

ஓர் ஆளுக்கு மூன்றடி அகல மேசையாவது வேண்டும். 12 அங்குலத் தாள் இரண்டு, கட்டிங் மேட், படக் கவர்கள் என்று வைத்தாலே அது நிரம்பிவிடும். நம்மூரில் பெரிய எதிரி மின்விசிறி. வெட்டிய துண்டுகள் பறக்கும், விசிறியை நிறுத்தினால் வியர்வை தாளில் சொட்டும். உயரம் குறைந்த ட்ரே ஒன்றில் துண்டுகளை வைத்து, மேலே ஒரு ஏ4 அக்ரிலிக் தகடு. கல், டம்ளர் எல்லாம் வேண்டாம். டீயும் பஜ்ஜியும் வேறு மேசையில். எண்ணெய்க் கை பட்ட இடம் மேட் பிரிண்டில் நிரந்தரமாகப் பளபளக்கும். தேங்காய் எண்ணெய், ஹேண்ட் கிரீம் தடவியவர்களும் கழுவித் துடைத்துவிட்டு உட்கார வேண்டும்.

ஏற்காடு, கொடைக்கானல் என்று மழைக்காலத்தில் போனால் தாள்களை இரவில் மேசையில் விடாதீர்கள். காலையில் ஓரம் சுருண்டிருக்கும், அளவும் ஒரு நூலளவு கூடியிருக்கும். ஜிப் கவரில் மூடி வையுங்கள். குளிரில் டேப்பின் பிடியும் குறையும். ஒட்டிய பிறகு தாளை மடிக்கவும் தேய்க்கவும் உதவும் எலும்பு மடிப்பானாலோ கரண்டியின் பின்பக்கத்தாலோ, மேலே ஒரு தாள் வைத்து, அழுத்தித் தேயுங்கள்.

அண்ணன் தம்பி, அக்கா தங்கை சேர்ந்து வந்திருந்தால் ஒரே பக்கத்தை மூன்று பிரதி செய்யலாம். திட்டமும் அளவும் ஒன்றுதான். ஒருவர் வெட்ட, ஒருவர் ஒட்ட, ஒருவர் எழுத என்று பிரித்துக்கொண்டால் மூன்று மடங்கு நேரம் ஆகாது. அசல் படங்கள் யாரிடம் இருக்கும் என்பதை மட்டும் முதலிலேயே பேசிவிடுங்கள். பிறகு பேசினால் பாகப்பிரிவினை போல ஆகிவிடும்.

எட்டுப் பேருக்கு 12 அங்குல ட்ரிம்மர் இரண்டு போதும். விட்டுப்போன படங்களுக்கு 4×6 போடும் சின்ன டை-சப் பிரிண்டர் (சூட்டால் சாயத்தைத் தாளில் ஏற்றுவது) ஒன்று பொதுவில் இருந்தால் பெரிய உதவி. மையில்லாததால் காய வைக்க வேண்டியதில்லை, மேலே காப்புப் படலமும் சேர்ந்தே வரும்.

ஞாயிறு காலை புதுப் பக்கம் தொடங்க வேண்டாம். அந்த மூன்று மணி நேரம் விட்டுப்போன பெயர், தேதி, பக்க எண் எழுதுவதற்கும், ஓரம் பெயர்ந்ததை மறுபடி ஒட்டுவதற்கும். முடித்த பக்கங்களை இரண்டு தட்டை அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி எடுத்துப் போய், வீட்டில் ஒரு நாள் புத்தகக் கனத்துக்கு அடியில் வைத்த பிறகு கவரில் போடுங்கள். ஆல்பத்தைப் பரணில் வைத்தால் ஓட்டுச் சூடு, தரையோரம் வைத்தால் ஈரம், வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி என்றால் பூஞ்சை. நடு பீரோவின் நடுத்தட்டில், படுக்கவைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். பக்கத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு. ஆரஞ்சு மணிகள் பச்சையானால் 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்து, நிறம் திரும்பியதும் மறுபடி பயன்படுத்தலாம். அந்துருண்டையை மட்டும் அந்தத் தட்டில் போடாதீர்கள். அதன் ஆவி பிளாஸ்டிக் கவரைப் பிசுபிசுப்பாக்கும்.